நகல் யாருக்கு

சத்துவாச்சாரியில் மூன்றாம் மாடி.
லிஃப்டுக்கு இன்னும் உரிமம் வரவில்லை.
ஆயுதப்படைப் பையன்கள் தோளில் வைத்து
பீரோக்களை ஏற்றுகிறார்கள்,
பிணம் இறக்குகிற மாதிரி, தலைகீழாக.

இன்று முதல் மூன்று பிரிவும் ஒன்று.
அரசாணை இரண்டே பக்கம்.
அதில் ‘ஒருங்கிணைந்த’ பதினான்கு இடத்தில்.
எண்ணினேன். எனக்குச் சம்பளமே எண்ணுவதற்குத்தான்.

பாகாயத்திலிருந்து வந்த கட்டுகளில் சிவப்பு நாடா,
காட்பாடி ரயில்வேக்காரர்களுடையதில் சணல்.
பழைய அலுவலகம் ரப்பர் பேண்டு போட்டிருந்தது.
வேலூர் வெயில். உருகிக் காகிதத்தோடு ஒட்டி,
பிய்த்தால் ஆளின் பெயரும் சேர்ந்து வருகிறது.

அகர வரிசையில் அடுக்கச் சொன்னார் டிஎஸ்பி இருதயராஜ்.
அடுக்கினேன்.
வாகீது. வாயிதுபாய். வாஹித்.
மூன்று எண், மூன்று ‘கண்காணிக்கப்பட வேண்டியவர்’.
பிறந்த தேதி ஒன்று,
மேல்விஷாரத்துக் கதவு எண் ஒன்று,
இடப்புருவத்துத் தழும்பு ஒன்று.
இரண்டாவது கோப்பில் கூடுதலாக ஒரு வரி:
‘டீக்கடையில் இவரருகே அடிக்கடி இரு அந்நியர்.
ஒருவர் கட்டம்போட்ட சட்டை. கூட்டாளிகளாகலாம்.’
எதிர்மேசையிலிருந்து எட்டிப் படித்த
முனிரத்தினம் ஏட்டு சொன்னார்:
“அந்தச் சட்டை என்னுதும்மா.”

சிரித்தோம்.
மூன்றாவது கோப்பின் அடியில் இறப்புச் சான்று இருந்தது.
போன ஆடிக்கு முந்தைய ஆடி, சிறுநீரகம்.
அதன் பிறகும் இருபத்திரண்டு மாதம்
‘நடமாட்டத்தில் மாற்றமில்லை’ என்று எழுதி
பஸ் சார்ஜ் வாங்கியிருக்கிறோம்.
பொய் என்றும் சொல்ல முடியாது.

அந்தக் கடிதம் மாலை நாலு மணிக்குக் கிடைத்தது.
ஒன்றே, மூன்று கட்டிலும்.
பொன்னைப் பக்கம் ஒரு கல்குவாரி,
காவலாளி கன்னியப்பன், கோணல் எழுத்து:
‘டெட்டனேட்டர் எழுவது கொறையுது சார்
நாலாவது தபா சொல்றேன்.’
ஓரத்தில் ஒருவர்: திருட்டு, தாலுகா ஸ்டேஷனுக்கு.
இன்னொருவர்: கனிமவளத்துக்கு.
மூன்றாமவர் பச்சை மையில்:
மற்ற இருவருக்கும் தெரிந்திருக்கும். பார்த்தேன்.
தேதி, தை மாதம்.
வெளியே அக்னி நட்சத்திரம் முடிந்து
புழுதி ஓய்ந்திருந்தது.

இந்த ஊர்க் கோட்டைக்குள் இருநூறு வருஷத்துக்கு முன்
ஒரு சிப்பாய் வந்து சொன்னான், இரவில் நடக்கப்போகிறது என்று.
யாரைப் பற்றிச் சொன்னானோ
அவர்களையே கூப்பிட்டு விசாரித்தார்கள்.
பைத்தியம் என்றார்கள்.
விலங்கு மாட்டினார்கள்.
அகழியில் இப்போது படகு விடுகிறார்கள், சனி ஞாயிறு கூட்டம்.

கடிதத்தின் அடியில் எண் இருந்தது.
அடித்தேன்.
கல் உடைக்கிற சத்தத்துக்குள்ளிருந்து,
“எந்த ஆபீஸும்மா?”

கீழே பெயர்ப்பலகைக்கு இரண்டாம் பூச்சு நடக்கிறது.
‘ஒருங்’ வரை வந்திருக்கிறது.
என்ன சொல்ல?
“எல்லா ஆபீஸும்” என்றேன்.

கொஞ்ச நேரம் கல் மட்டும் உடைந்தது.
பிறகு சொன்னான்,
“எழுவது இல்லம்மா இப்ப.
நூத்திப்பத்து.”

எழுதிக்கொண்டேன்.
புதுப் படிவம், வழவழப்பான தாள்.
‘நகல் யாருக்கு’ என்ற கட்டத்தில்
பேனா மை ஊறி ஒரு பொட்டாகிறது.
டிஎஸ்பி அறைக்கு இன்னும் கதவு மாட்டவில்லை,
தட்டாமல் போகலாம்.
வழியை அடைத்து
படியில் ஏறிக்கொண்டிருக்கிறது
கடைசி பீரோ.