இருபத்து நான்கு புள்ளி

மாங்குளம் சந்தியில்
கைத்தொலைபேசி திருத்தும் என் கடையின் பின்னறை.
ஞாயிறு இரண்டு மணிக்குப் பிறகு
ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு
நாங்கள் உலகம் செய்கிறோம்.
எண்பது பக்கக் கொப்பி, ஒரு அடிமட்டம்,
பகடைக்கு ஆறுபட்டைப் பென்சில்,
பட்டைகளில் பிளேட்டால் கீறிய கோடுகள்.

ஆளுக்கு இருபத்து நான்கு புள்ளி.
கடன் இல்லை.
பலம், வேகம், காது, ஞாபகம், நாக்கு, பொறுமை
என்று பிரித்து வைக்க வேண்டும்.

முதல் மாதம் சரிவரவில்லை.
சாருகன் எல்லாவற்றிலும் நாலு நாலு வைத்தான்.
அவனுடைய வீரன் சாகவுமில்லை,
ஒருவருக்கும் நினைவிலுமில்லை.
கஜீபன் இருபத்து நான்கையும் பலத்தில் கொட்டினான்.
மூன்று ஞாயிறு கதவுகளை உடைத்தான்.
நாலாம் ஞாயிறு
திறந்துகிடந்த கதவையும்.

விடை கிடைத்தது என் வீட்டு நிலையில்.
கறையான் தொடாது என்று
கூடக் காசு கொடுத்து முதிரை வாங்கினேன்.
நாட்காட்டி கொழுவ அடித்த
மூன்றாவது ஆணியும் வளைந்தது.

அன்றிரவே எழுதினேன்:
எந்தக் குணமும் தனியே ஏறாது.
காது ஏழைத் தாண்டினால் நித்திரை பாதி.
பாலை இலை விழுந்தாலும் எழும்புவான்,
விடிந்தால் வில் பிடிக்கிற கை நடுங்கும்.
ஞாபகம் ஏற ஏறப் பையில் இடம் குறையும்;
ஒன்பது வைத்தவன்
ஒரேயொரு தண்ணீர்ப் போத்தலோடு காடு கடக்கட்டும்.
நாக்கு இனித்தால் ஊரூராய்ச் சோறு,
உண்மை சொல்கிற நாளில் ஒருவரும் நம்பார்.
பொறுமைசாலிக்கு யானையே வழிவிடும்,
அதற்குள் குளம் வான் பாய்ந்துவிடும்.

வாசித்துக் காட்டினேன்.
டிலக்சி பென்சில் உருட்டுவதை நிறுத்தினாள்.
ஒட்டுசுட்டான் சங்கக்கடையில் கணக்கெழுதுபவள்.
இடது முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக்;
கதிரையில் இருக்கும்போது
‘டிக்’கென்று ஒரு சத்தம் வரும்.

“வேகத்தில ஒண்டு குறைச்சா
எங்கயாவது ஒண்டு கூடுமோ?”
“கூடும்.”
“கட்டாயம்?”
“விதி அதுதான்.”
“ஆர் கூட்டுறது?”

வெளியே யாழ்ப்பாணம் போகும் பஸ் நின்று
ஆளை இறக்கிவிட்டுப் போனது.
கஜீபன் கொப்பியின் ஓரத்தைக் கிழித்து
சின்னச் சின்னதாய்ச் சுருட்டத் தொடங்கினான்.

நான் அழிரப்பரை எடுத்தேன்.
மாற்றலாம் என்றேன்.
பென்சில் ஒன்றில் விழுந்தால் இரண்டு புள்ளி போகும்,
பதிலுக்கு எதுவும் வராது,
போனது போனதுதான் என்று
புது விதி ஒன்று சேர்க்கலாம்,
அது இன்னும் நேர்மையாய் இருக்கும்.
சொல்லும்போது
நல்ல மனிசன்போல எனக்கே பட்டது.

“விசரே,” என்றாள்.
“அது எனக்குத் தெரிஞ்ச விளையாட்டு.
அதை விளையாடவோ
ஞாயிற்றுக்கிழமையில பஸ் ஏறி வாறன்?
அழிரப்பரை உள்ள வை.
குறைச்சாக் கூட்டோணும். அதில மட்டும் கை வையாத.
மற்றது, நாக்குக்கு நீ போட்ட விலை காணாது.”

பிறகு தன்னுடைய ஆளை எழுதினாள்.
வேகம் பத்து.
பலம் மூன்று, காது நாலு, நாக்கு நாலு,
பொறுமை ஒன்று, ஞாபகம் இரண்டு.

“ஞாபகம் ரெண்டோ?” என்றான் சாருகன்.
“பையில இடம் வேணும்.”

வேகத்துக்கு நான் இன்னும் விலை எழுதவில்லை.
மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.
“எழுது,” என்றாள். “சும்மா தராத.”

பிளேன்ரீ ஆறும்வரை யோசித்தேன்.
பத்தில் ஓடுபவள் நினைத்த இடத்தில் நிற்க முடியாது,
நிற்பதற்கே ஒரு சுற்றுப் போகும்
என்று எழுதினேன்.
கணக்கைச் சரிபார்ப்பவள்போல்
இரண்டு தரம் வாசித்தாள்.
“சரி.”

பென்சில் உருண்டது. ஆறு.
காடு, வயல், குளக்கட்டு,
கஜீபன் உடைத்துப்போட்ட கதவுகள்,
நிற்க வேண்டிய பாலம்,
எல்லாம் கடந்து
கொப்பியின் அடுத்த பக்கத்துக்குள் ஓடினாள்.
அங்கே நான்
இன்னும் ஒன்றும் கீறியிருக்கவில்லை.