கீழ்க் கை

மேல் கை உள்ளே போய் 'டக்' என்றது.
கீழ்க் கை எதுவும் சொல்லவில்லை.
மத்தூர் எஸ்தர் பாதி விலைக்குத் தந்தபோதே
கேட்டிருக்க வேண்டும்.

நாணேற்றி, நாற்காலியில் சாய்த்து,
ஒற்றைக் கண்ணால் பார்க்கிறேன்:
நடுவில் ஓட வேண்டிய நூல்
கீழே இடப்பக்கம் ஒதுங்குகிறது,
வட்டிக்காரரைத் தெருவில் கண்டவர் மாதிரி.

ஆலன் கீயில் கால் சுற்று.
மேலே நூற்றெண்பத்து நாலு மில்லி, கீழே நூற்றெண்பது.
அளவு சரி. சாய்வு அப்படியே.

நாண் அவிழ்த்தேன். கைப்பையில்
காவேரிப்பட்டணத்தில் ஏறியபோது கிழித்துத் தந்த
கட்டணமில்லாச் சீட்டு.
இரண்டாய் மடித்துக் கையின் அடியில்
ஓரமாய்ச் சொருகினேன்.
டக்.

மறுபடி நாண்.
நூல் நடுவில் நிற்கிறது.

அம்பு இன்னும் எடுக்கவில்லை.
கிருஷ்ணகிரி பைபாஸில்
கருங்கல் ஏற்றிய லாரி கியர் மாற்ற,
தொடாத நாண்
மெல்ல முனகுகிறது.