பின் நாலு

ஹென்னூர் மேம்பாலம் ஏறும்போது
மூன்றாவது கியரில் ஒரு விக்கல்.
மழை நாளென்றால் இரண்டு.
"பத்தொன்பது வருஷ வண்டி மேடம், வித்துடுங்க"
என்றார் லிங்கராஜபுரம் வில்சன்,
மூன்று சர்வீஸிலும்
எட்டு பிளக்குக்கு பில் போட்டவர்.

எட்டுதான்.
நாலு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும்
முன்னால் ஒரு பொறி, பின்னால் ஒரு பொறி.
முன் நாலும் போனட்டைத் தூக்கினால் தெரியும்,
கூடையில் மேலாக அடுக்கிய தக்காளி மாதிரி.
பின் நாலு
வைப்பருக்கும் கீழே, எஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவே
எலிப்புழுக்கை காய்ந்து கிடக்கிற சந்தில்.

முன் காயில்களை இடம் மாற்றிப் பார்த்தாயிற்று.
விக்கல் நகரவில்லை.

ஞாயிறு காலை, பேஸ்மென்ட் பார்க்கிங்.
ஜே.சி. ரோட்டில் வாங்கிய காயில் ஒன்று, பிளக் நாலு.
டார்ச் பிடிக்க வாட்ச்மேன் தில்பகதூர்.
வைப்பர் கை இரண்டையும் கழற்றி
பிளாஸ்டிக் மூடியை நெம்பினால்
ரோஸ் நிறம் போன பழைய பூக்கள்,
எந்தத் தெருவில் எந்த மார்ச்சில் விழுந்தவையோ.
மூடியின் கிளிப் ஒன்று உடைந்தது.
உடையும் என்று தெரிந்துதான் நெம்பினேன்.

கை போன இடத்துக்குக் கண் வரவில்லை.
டார்ச் என் மணிக்கட்டை மட்டும் காட்டியது.
தடவினேன்:
இது ஹோஸ்,
இது ஒயர்,
இது சுடுகிறது,
இது நான் தேடுவது இல்லை.
பத்தாம் நம்பர் சாக்கெட் நழுவி
மூன்று இடத்தில் மோதிய சத்தம் கேட்டது.
தரையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.
தில்பகதூர் குனிந்து பார்த்துவிட்டு
உதட்டைப் பிதுக்கினான்.

வேறு சாக்கெட் வாங்கி வந்து
போனை உள்ளே விட்டு ஒரு படம் எடுத்தேன்.
படத்தில்
போல்ட்டின் தலையிலிருந்து எஞ்சின் வரை
தொழிற்சாலையில் யாரோ இழுத்த மஞ்சள் கோடு.
முறியாமல், மங்காமல்.
பத்தொன்பது வருஷமாக
ஒரு ஸ்பானரும் அதைத் தொட்டதில்லை.

மூன்று பில். மூன்று தடவை எட்டு.
வில்சனிடம் கேட்கவேண்டிய கேள்விகளை
போல்ட் சுற்றுக்கு ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனேன்.
நாலாவது சுற்றில் பீன்யா வந்தது.

பீன்யா குடோன். மார்ச் முப்பத்தொன்று, இரவு பதினொன்று.
ஆறாவது தட்டு வரை அட்டைப்பெட்டி.
"ஏணி இல்லை மேடம்" என்றான் ஸ்டோர் பையன்.
முன் வரிசையை எண்ணினேன்.
பெருக்கினேன்.
பச்சைப் பென்சிலால்
'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி
காபி குடித்தேன். காபி நன்றாக இருந்தது
என்பதுகூட நினைவிருக்கிறது.

பிளக் வெளியே வந்தபோது
முனை தேய்ந்து மொட்டையாக இருந்தது.
இத்தனை நாள்
முன்னது எரிந்ததில்தான் வண்டி ஓடியிருக்கிறது.

புதிய காயில் உட்கார்ந்த 'க்ளிக்'
காதுக்கு வரவில்லை, விரலுக்கு வந்தது.
"ஹோ கயா?" என்றான் தில்பகதூர்.
சாவியைத் திருப்பினேன்.
அவன் டார்ச்சை அணைத்தான்.

திங்கட்கிழமை வில்சன் கடை வாசலில்
கண்ணாடியை இறக்கிச் சொன்னேன்,
பின் நாலையும் மாத்திட்டேன் என்று.
முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன்.
"கை போகுமா அதுல?"
என்று மெய்யாகவே கேட்டார்.
போகும், தோல் கொஞ்சம் போகும் என்றேன்.
என் விரல் முட்டியைப் பார்த்தார்.
பில் பற்றி நான் கேட்கவில்லை.
கேட்க எனக்கு வாய் இருந்தது,
பச்சைப் பென்சிலும் பையில் இருந்தது.

மேம்பாலத்தில் இப்போது விக்கல் இல்லை.
இடப்பக்கம் திரும்பும்போது மட்டும்
எங்கோ உள்ளே
அந்தச் சாக்கெட் உருள்கிறது.