இடது காது

ஸேன்ஸ்வில் ஆவணக் காப்பகத்தின் நிலக்கீழ் அறையில்
மணித்தியாலத்துக்குப் பதினாறு டொலருக்கு
செத்தவர்களின் கடதாசிகளை ஸ்கேன் செய்கிறேன்.
கையுறை வேண்டாம், கை கழுவினால் போதும் என்றார்கள்.

இந்தக் கிழமை லெமுவேல் க்ராட்.
ஒஹாயோ காலாட்படை, சாதாரணச் சிப்பாய்,
உயரம் ஐந்தடி ஆறு, கண் சாம்பல்,
தொழில் தோல் பதனிடல்.
பதவி உயர்வு இல்லை. பதக்கம் இல்லை.
கோவேறு கழுதை உதைத்தது பற்றி ஒரு வரி.
வயிற்றோட்டம் பற்றி நாலு பக்கம்.
மிச்ச எண்பது பக்கமும் ஒரு காதுக்காக.

டென்னசியில், மார்கழியின் கடைசி நாள்,
பறிக்காமல் விட்ட பருத்திக் காட்டில் நிறுத்தினார்களாம்.
பின்னாலிருந்து பீரங்கிகள் தலைக்கு மேலால் சுட்டன.
பெடியள் குனிந்து பஞ்சைப் பிடுங்கிக்
காதுகளில் அடைத்தார்கள்.
இவன் வலது காதை மட்டும் அடைத்தான்.
மற்றது கப்டனின் கட்டளைக்கு.

"கட்டளை வந்ததா?" என்று கேட்கிறது அரசாங்கம்.
"வந்திருக்கும்" என்று எழுதியிருக்கிறான்.

மாதம் நாலு டொலர் கேட்டான்.
நிரூபி என்றார்கள்.
நிரூபித்தான், பதினெட்டு வருஷம்.
கூட நின்றவர்களில் இருவர் சாட்சிக் கடிதம் தந்தார்கள்;
மற்றவர்கள் அங்கேயே, பஞ்சுக்குள்.
மரமில்காரன் ஹைரம் போல் சத்தியம் செய்கிறான்:
இடப்பக்கம் நின்று கடனைத் திருப்பிக் கேட்டால்
இவனுக்குக் கேட்பதில்லை,
ஆனாலும் ஏமாற்றுக்காரன் அல்ல.
வைத்தியர் பொக்கற் மணிக்கூட்டைக் காதருகே பிடித்து
"பூச்சியம்" என்கிறார்.
இன்னொரு வைத்தியர், "ஐந்து அங்குலம்."
நான் அங்கே இருந்தேன், இருந்தேன், இருந்தேன்,
ஒவ்வொரு கடிதத்திலும், அதே எழுத்துப்பிழையோடு.

சாப்பாட்டு நேரம். மைக்ரோவேவ். நேற்றைய பருப்பு.

என் வீட்டில் ஒருவர் இருக்கிறார்.
பெயரை இங்கே எழுதமாட்டேன்.
டயர் கிடங்கில் இரவு ஷிஃப்ட்.
அவருடைய கோப்பு சின்னது.
பதினான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி,
பக்கத்தில் ஒரு பெட்டி.
பேனை எழுதவில்லை. உதறி, இன்னொருமுறை அழுத்தி,
"இல்லை."
அந்த இல்லைக்குள்தான் குடியிருக்கிறோம்:
வாடகை, கார் இன்சூரன்ஸ், மகளின் வயலின் வகுப்பு எல்லாம்.

காரை எப்போதும் அவர்தான் ஓட்டுவார்.
மனிசியிடம் சாவி கொடுக்காத ஆள் என்று
கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்கள்.
இந்த நாட்டில் சாரதிக்கு வலப்பக்கம் நான்.
ஊரில் என்றால் மறுபக்கம்.

ஒரேயொருமுறை சொன்னார்,
குளியலறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு:
பங்கருக்குள் மூன்று பேர், இவர் கரையில்.
மற்ற இருவர் பெயரையும் சொன்னார்.
தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.
திரும்பக் கேட்கவும் இல்லை.

எழுபத்தோராம் பக்கம் பின்னேரம் வந்தது.
கெஸியா க்ராட், மனைவி, நாற்பத்தாறு வயது,
கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி.
"என் கணவர் நல்ல காதைத் தலையணையில் புதைத்துப் படுப்பார்.
அப்போது இடி விழுந்தாலும் எழும்பமாட்டார்.
சில இரவுகளில் மறுபக்கம் திரும்பிப் படுப்பார்.
அந்த இரவுகளில் அவர் தூங்குவதில்லை."

ஓரத்தில், வேறொரு மையில், ஒரு குமாஸ்தா:
வழக்குக்குத் தொடர்பற்றது.

ஸ்கேனரின் மூடியை இறக்கினேன்.
வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது.
இரண்டாம் முறையும் எடுத்தேன்,
முதலாவது தெளிவாகத்தான் இருந்தது.

கடைசியில் மாதம் இரண்டு டொலர் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வர ஐந்தரை. இருட்டிவிட்டது.
பனி தள்ளும் லொறி தெருவைச் சுரண்டிக்கொண்டு போகிறது.
ஷிஃப்டுக்கு முன் அவர் படுத்திருக்கிறார்,
போர்வை இடுப்புவரை.
அறை வாசலில் நின்று,
சப்பாத்தைக் கழற்றாமல் பார்க்கிறேன்.

நல்ல காது மேலே.

"நான்தான்" என்கிறேன்,
மிக மெதுவாக.
அவருக்குக் கேட்கும்.