குறிப்புக் கலம்

மணக்குடிக் காயலில் கண்டல் நட்ட
பதினான்கு பேருக்கும்
மஸ்டர் ரோல் எழுதினவன் நான்.
பெயர், நாள், கூலி, கையொப்பம்.
கடைசியில், யாரும் படிக்காத
ஒரு கலம்: குறிப்பு.

முதல் வருஷம் நட்டதை ஆடு தின்றது.
குறிப்பு: ஆடு.
மறு வருஷம் வேலி கட்டினோம்.
பொழி அடைத்துக்கொண்டது.
பழையாற்று வெள்ளம் ஐப்பசி முழுக்க
இறங்க வழியில்லாமல் நின்று
நாலாயிரம் கன்றையும் அழுக்கியது.
அன்றைக்குக் கலம் காலி.

மிக்கேலம்மை மட்டும் சொன்னாள்:
"அழுகினது அழுகட்டும். வெதை கெடக்குல்லா."

கண்டல் விதை பார்த்திருக்கிறீர்களா?
முருங்கைக்காய் போல
மரத்தில் தொங்கும்போதே முளைத்து,
விழுந்த இடத்தில் குத்திக்கொண்டு நிற்கும்.
அது விழாத இடத்தில்
நாம் குத்த வேண்டும், அவ்வளவுதான்.
அந்த அவ்வளவுதானுக்கு
இடுப்புவரை சேறு,
செருப்பைத் திருப்பித் தராத சேறு,
சிப்பி கிழித்த சுயம்புவின் வலது பாதத்தில்
பதினோரு தையல்.
ஆஸ்பத்திரிக்குப் போன அரை நாளுக்குக்
கூலி வெட்டு.
வெட்டியது என் கைதான்.

மூன்றாம் வருஷம்
மறுபடி பொழி அடைத்தபோது
எட்டுப் பேர் மம்மட்டியோடு
விடியுமுன் போய் வெட்டிவிட்டார்கள்.
உத்தரவு நாலு நாள் கழித்து வந்தது.
வேலை நடந்த தேதியை
உத்தரவுக்குப் பின்னால் தள்ளி எழுதினேன்.
கடல் உள்ளே வந்தது, சத்தமில்லாமல்,
தேதி கேட்காமல்.

பிறகு ஒரு தை மாசம்,
வற்றத்தில் வெளுத்துக் கிடந்த சேற்றின்மேல்
ரோஸ் நிறக் குச்சிக் கால்கள்.
எண் படிக்காத ஏசுவடியாள்
விரலை மடக்கி மடக்கி எண்ணினாள்.
தன் விரல் தீர்ந்ததும்
"ஒம்ம வெரலத் தாரும்" என்றாள்.
அதுவும் தீர்ந்தது.
குறிப்பு: உள்ளான். இருபதுக்கு மேல்.

தணிக்கைக்கு வந்தவர்
சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
'உள்ளான்' எனில் யார் உள்ளான்?
கையொப்பம் எங்கே?

அடுத்த வற்றத்துக்கு வாருங்கள்,
சேற்றில் காட்டுகிறேன் என்று எழுதி,
அடித்துவிட்டு,
'பிழை திருத்தப்பட்டது' என்று எழுதினேன்.
குடும்பம் உள்ளவன்.

இப்போது அங்கே
பறவைகள் புகலிடம் என்று பச்சைப் பலகை.
திறந்துவைத்தவர் பெயர், துறையின் பெயர்,
பெயின்ட் அடித்தவரின் பெயர்கூட
மூலையில் சின்னதாக.
சுயம்பு ஞாயிறுதோறும் வந்து
வரப்பில் குந்துவான்,
வலது காலை நீட்டிவைத்தபடி.
என்னைக் கண்டால் நகர்ந்து இடம் கொடுப்பான்.

அந்தப் பதிவேடு இன்னும்
அலுவலக இரும்பு அலமாரியில்.
உள்ளானைத் திருத்தினேன்.
அரை நாள் அப்படியே கிடக்கிறது.