நாற்பத்தொரு சென்ரிமீற்றர்

கோப்பைத் திறந்தால் மேசையில் சிவப்புத் தூள் உதிர்கிறது.
பணியகத்தின் மூன்றாம் மாடி. கண்ணாடிக்கு வெளியே
கொழும்பு கிரேன்களைப் பிடித்துக்கொண்டு
இன்னும் உயரப் போகிறது.

பாதுக்கைக்கு அப்பால் ஒரு றப்பர் மலை.
ஆறு ஏக்கர் கிரவல்.
அகழ்வுத் திட்டம் நாற்பது பக்கம்:
நான்கு படி, படிக்கு இரண்டரை மீற்றர்,
பத்து மீற்றர் வரை நீர் தென்படவில்லை.
மீளமைப்புத் திட்டம் ஒன்றரைப் பக்கம்.

அந்த ஒன்றரைப் பக்கத்துக்குள்
குழி தூர்ந்துவிட்டது,
மேல்மண் திரும்பி வந்துவிட்டது,
சரிவில் இருநூற்றுப் பன்னிரண்டு மரங்கள்
ஒரே பச்சை, ஒரே விட்டம்,
ஒரே பக்கமாய் விழும் நிழல்.
என்ன மரம் என்று கேட்டேன்.
ஆலோசகர் எதிரிவீர மடிகணினியைப் பார்த்தார்.
"மென்பொருளில் இருந்த மரம், மிஸ்."
சிரித்துவிட்டோம்.
உண்மையைச் சொன்னவரை வேறென்ன செய்வது.

மேல்மண் குவியல் வரைபடத்தில் அ-3.
நேரில் போனபோது அ-3 இல் ஒரு பெக்கோ நின்றது.
அதன் நிழலில் சாரதி சோற்றுப் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தான்.
மண் எங்கே? கையைக் கொழும்புப் பக்கம் நீட்டினான்.
ராஜகிரியவில் யாருடையதோ புற்றரை.

கோப்பின் அடியில், துருப்பிடித்த ஊசியில்,
பொதுமக்கள் கருத்து: ஒன்று.
தமிழில்.
ஓரத்தில் பென்சிலால் சிங்களத்தில்: விளங்கவில்லை.
நாலு மாதம் அது விளங்காமலே கிடந்திருக்கிறது.
சந்தமாலி பிரசவ லீவில் போகாவிட்டால்
இந்தக் கோப்பு என் மேசைக்கு வந்திராது.

"ஏழாம் லயம் நாலாம் காம்பரா முத்துவடிவு எழுதுவது.
போன சித்திரையில் கிணத்துக் கயிறு இருபத்திரண்டு முழம்.
இந்தச் சித்திரையில் இருபத்தொன்பது.
என் கை கட்டை. அதைக் கழித்துப் பார்க்கவும்."

என் கை கட்டை.
பதினொரு வருசமாய்த் திட்டங்கள் படிக்கிறேன்.
தன் கருவியின் பிழையைத் தானே எழுதித் தந்த அறிக்கை
இதற்குமுன் ஒன்றும் வந்ததில்லை.

அளவு நாடாவோடு இரண்டாம் தரம் போனேன்.
வரைபடத்தில் வெள்ளையாய் விட்ட இடத்தில்
பன்னிரண்டு காம்பராக்கள், துணி காய்ந்தபடி.
முழங்கையை மடக்காமல் என்னிடம் நீட்டினாள்,
இரத்தம் எடுக்க நீட்டுவதுபோல்.
விரல் நுனியில் பால் காய்ந்திருந்தது.
நாற்பத்தொன்று.
"கட்டைதானே?"
நான் பதில் சொல்லாமல் எழுதிக்கொண்டேன்.

கயிற்றை இழுத்துக் காட்டினாள்.
இருபத்திரண்டு முழம் தும்புக் கயிறு.
அதற்குமேல் ஏழு முழம் சேலை.
முதலில் ஊதா, பிறகு மஞ்சள்,
பிறகு கரைபோட்ட ஏதோ, அது நல்லதாகத்தான் இருந்திருக்கும்.
ஏழை நாற்பத்தொன்றால் பெருக்கினால்
இரண்டு மீற்றர் எண்பத்தேழு.

மீளாய்வுக் கூட்டத்தில் சட்டத்தரணி சொன்னார்:
முழம் ஒரு தர அலகு அல்ல.
முதலாளி ஜயலத் கோபப்படவில்லை.
"மிஸ் வந்த ரோட்டுக்கு அடியிலும் என் கிரவல்தான்."
அதுவும் சரி. தலையாட்டினேன்.
தேநீர் வந்தது. இஞ்சி பிஸ்கட் வந்தது.
தலைவர் தீர்ப்புச் சொன்னார்:
நிராகரிப்பில்லை, அனுமதியுமில்லை.
மேலதிக விபரம் தேவை; தொண்ணூறு நாள்.
அந்தத் தொண்ணூறு நாளும் பெக்கோ நிற்குமா என்று
குறிப்பில் ஒரு வரியும் இல்லை.
நான் கேட்டேன். அடுத்த கோப்பை எடுத்தார்கள்.

ஆகவே இன்று, எல்லாரும் போன பிறகு,
நீர்மட்டப் படிவத்தை என் கையால் நிரப்புகிறேன்.
தட்டச்சு யந்திரத்தில் தமிழ் இல்லை.

அவதானித்தவர்: முத்துவடிவு.
கருவி: கயிறு, சேலை.
அலகு: முழம், அவதானித்தவருடையது, 41 செ.மீ.
வழு இருப்பின் குறிப்பிடுக:
கை கட்டை.
ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுள்ளது.