சத்தம் குறைக்க

சாட்ஸ்வர்த் கார் பார்க்கிங்கில்
டிக்கி திறந்து நிற்கிறது பழைய க்ரெசிடா.
உள்ளே இரண்டு பன்னிரண்டு அங்குல சப்வூஃபர்.
ஸ்டியரிங்கில் விரல் வைத்தால் போதும்,
உங்கள் நெஞ்சு
பின்னால் போய் இடிக்கும்.
கலை நொம்சாவுடையது. வயரிங் மட்டும் நான்.

டாக்ஸி ஓட்டும் சிபூ வைத்தான்:
நம்பர் பிளேட் நடுங்கியது.
அவன் கூட வந்தவள் வைத்தாள்:
வேகம் கூடக் கூட
எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

அப்புறம் தனபாலன் ரெட்டி.
என் பாட்டுச் சத்தத்துக்கு
மூன்று முறை போலீஸைக் கூப்பிட்டவர்.

தும். தும்.

ஒன்று தவறியது.
எங்கோ ஒரு கொடிக்கயிறு
கம்பத்தில் அடிபடுவது கேட்டது.

தும்.

"குறைக்கிற பட்டன் எது?" என்றார்.
விரலை எடுத்தால் நின்றுவிடும் என்றேன்.

எடுக்கவில்லை.